கழுத்துச் சிங்கம்

என் கழுத்தின் பின்புறம் ஒரு சிங்கம் நான்கு நாட்கள் இருந்தது. செங்காவியால் வரைந்த சிங்கம். வரைந்தவர் அதைச் சிங்கம் என்றுதான் சொன்னார். பார்த்தவர்களில் பாதிப் பேர் நாய் என்றார்கள். பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடம் நடத்தும் ஓர் ஆசிரியை கழுத்தில் காவிச் சிங்கத்தோடு வகுப்பில் நின்றாள் என்பதை இன்றைக்கு நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று சிரிக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும். அதை மறைத்துக்கொள்ள நான் முயன்றதில்லை. நைனா செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரில் பயிர் செய்கிறவர். மண்ணை விரலால் தொட்டு மதகு திறந்து எத்தனை நாளாயிற்று என்று சொல்லிவிடுவார். காகிதத்தில் கட்டைவிரலைத்தான் வைப்பார். அம்மாவுக்குக் கிழமைகள் சந்தையை வைத்துத்தான் தெரியும். நான் எட்டாவது முடித்து, பட்டணத்தில் விடுதியில் தங்கி இரண்டு வருஷம் ஆசிரியப் பயிற்சி பெற்று ஊர் திரும்பியபோது எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் ஊருக்கும் குமணன்சாவடிக்கும் நடுவே இருந்த ஓர் எலிமெண்டரி பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. வீட்டிலிருந்து இரண்டு மைல். இப்போது யுத்தத்தில் ஓடுவது போல அந்தச் சாலையில் பட்டாளத்து லாரிகள் ஓடாத காலம். புளியமர நிழலிலேயே நடந்து போய்விடலாம். என் தங்கை அதே பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பில் படித்தாள். பையைத் தூக்கிக்கொண்டு என் கூடவே வருவாள்.

பள்ளிக்கூடத்தை நடத்தியவர் ஊரின் பெரிய நிலக்காரர். எல்லாரும் அவரை மேனேஜர் என்போம். வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் என்னிடம் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"பொம்பள வாத்தியார் வேணாம்னு நாலு பேர் சொன்னாங்க. நான் கேக்கல. நீ நல்லபடியா நடத்திக் காட்டினா, அடுத்த வருஷம் இன்னொரு பொண்ணுக்கும் வேலை குடுப்பேன். நீ தப்பு பண்ணினா இந்தப் பள்ளிக்கூடத்துல இனிமே எந்தப் பொண்ணுக்கும் இடமில்ல. புரிஞ்சுதா?"

புரிந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. என் ஒருத்தியை வைத்து இனி வரப்போகும் பெண்களையெல்லாம் அளக்கப் போகிறார்கள் என்றால், அளந்து பார்க்கட்டுமே என்று நினைத்தேன். மற்ற மூன்று ஆசிரியர்களும் ஆண்கள். அவர்கள் தாமதமாக வரலாம், மத்தியானம் கண்ணயரலாம், பையனை அனுப்பி வெற்றிலை வாங்கிவரச் சொல்லலாம். நான் முதல் மணிக்கு அரை மணி நேரம் முன்னால் போய்விடுவேன். மத்தியானச் சோற்றைக் கொட்டகைக்குப் பின்னால் நின்றுகொண்டே சாப்பிடுவேன். நான் சும்மா உட்கார்ந்திருப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது. ஒரு வருஷத்தில் ஒரு நாள்கூட விடுமுறை எடுக்கவில்லை.

மேனேஜர் அடிக்கடி வருவார். வருகிற நாளைச் சொல்லமாட்டார். பள்ளிக்கூடம் நீளமான ஓலைக் கொட்டகை. பின்பக்கம் ஒரு வாசல். அதன் வழியாக நுழைந்து, குடையை ஊன்றிக்கொண்டு, கடைசி வரிசைக்குப் பின்னால் நிற்பார். நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருப்பேன். பிள்ளைகளின் சத்தம் திடீரென்று அடங்கும். அவர் வந்துவிட்டார் என்று அதில்தான் எனக்குத் தெரியும். திரும்பாமல் எழுதிக்கொண்டே இருப்பேன். பின்னங்கழுத்து மட்டும் சூடாகும்.

இரண்டாம் வருஷம் ஐப்பசியில் அந்த இடத்தில்தான் முதலில் அரித்தது. பின்னலுக்குக் கீழே, ரவிக்கைக் கழுத்துக்கு மேலே, இரண்டு விரல் அகலம். வேர்க்குரு என்று நினைத்தேன். மழை பெய்து குளிர்ந்த பிறகும் போகவில்லை. பிறகு முழங்கையின் உள்மடிப்பில் வந்தது. அப்புறம் சாக்பீஸ் பிடிக்கும் கையின் புறத்தில். சிவந்து, சின்னச் சின்னப் பருக்களாகி, பிறகு காய்ந்து செதில் செதிலாக உதிர்ந்தது. உதிர்ந்த இடம் சில நாள் வெளுத்தும் சில நாள் கறுத்தும் இருந்தது.

எனக்கு இதில் சந்தேகமே வரவில்லை. நான்தான் பாடம் நடத்துகிறவளாயிற்றே. சொறியும் சிரங்கும் அழுக்கினால் வருகின்றன; சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்தால் அண்டாது. வாரம் ஒருமுறை இதைப் பிள்ளைகளை உரக்கச் சொல்லவைப்பேன். எங்கள் தெருப் பெண்களிடமும் பிள்ளைகளின் கையைப் பிடித்துக் காட்டி, "இதெல்லாம் அழுக்குதான், தேய்ச்சுக் குளிப்பாட்டுங்க" என்று சொல்லியிருக்கிறேன். என் கழுத்தில் வந்தால் மட்டும் அது வேறாகுமா? பட்டணத்திலிருந்து கார்பாலிக் சோப்பு வாங்கிவரச் சொன்னேன். சிவப்புக் கட்டி, ஆஸ்பத்திரி வாசனை. காலையில் தேங்காய் நாரில் அந்தச் சோப்பைத் தடவிக் கழுத்தைத் தேய்ப்பேன். பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு மணிக்கும் கிணற்றடிக்குப் போய்க் கைகளைக் கழுவுவேன். சாயங்காலம் வீட்டில் மறுபடியும். எரியும். எரிந்தால் அழுக்கு போகிறது என்று அர்த்தம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அதிகமாயிற்று. அதிகமானதால் சோப்பையும் அதிகமாக்கினேன்.

மார்கழியில் முழங்கை வரை மறைக்கும் ரவிக்கை தைத்துக்கொண்டேன். சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டேன். ஆனால் கையை எப்படி மறைப்பது? முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் கையைப் பிடித்துத்தான் எழுதப் பழக்குவேன். ஒரு நாள் ஒரு சின்னப் பெண்ணின் பின்னால் குனிந்து, அவள் விரல்களை என் கைக்குள் வைத்துக்கொள்ளப் போனேன். அவள் கையை இழுத்து மடியில் மறைத்துக்கொண்டாள்.

"இன்னாம்மா, எழுத வேணாமா?"

"நானே எழுதிக்கறேன் டீச்சர். உன் கைய தொட வேணாம்னு எங்கம்மா சொல்லிச்சி."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். மறுநாள் அவள் வரவில்லை. அந்த வாரம் இன்னும் இரண்டு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். எனக்கு இருப்பது பெருவியாதி, அதாவது குஷ்டம் என்று ஊரில் பேச்சு. நான் கடந்து போனால் கிணற்றடியில் பெண்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். யாரும் கடுமையாக எதுவும் சொல்லவில்லை. நகர்த்தினார்கள், அவ்வளவுதான்.

பொங்கலுக்கு முதல் வாரம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். முகத்தைப் பார்க்காமல் பேசினார். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

"இது இன்னா வியாதின்னு எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. பூந்தமல்லி ஆஸ்பத்திரியில காட்டி, தொத்து வியாதி இல்லன்னு டாக்டர் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒண்ணு கொண்டா. மாசி பொறக்கறதுக்குள்ள வேணும். இல்லைன்னா நீ ஊட்டோட இருந்துக்க. உன் தங்கச்சியும் வர வேணாம். ரெண்டு பேரும் ஒரே ஊட்டுல தானே கீறீங்க."

பூந்தமல்லி நான்கு மைல்தான். அடுத்த நாளே போயிருக்கலாம். நான் போகவில்லை. படித்தவள் செய்கிற காரியமில்லை இது. பெருவியாதி இல்லை என்று டாக்டர் எழுதினால் சரி. ஆம் என்று எழுதிவிட்டால்? அந்த ஒரு காகிதத்தில் என் வேலையும், தங்கையின் படிப்பும், எனக்குப் பின்னால் வரவேண்டிய பெண்களும் முடிந்துவிடுவார்கள். தெரியாமல் இருக்கும்வரை இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். இப்படி யோசித்து யோசித்தே பொங்கலும் போயிற்று. விரல் மூட்டுகள் வெடித்து, சாக்பீஸ் பிடித்தால் ரத்தம் கசிந்தது.

அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து சோப்பை எடுத்தபோது என் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள்.

"இன்னாடி இது, கழுத்துத் தோல ஆட்டுத்தோல் மாதிரி உரிச்சு வச்சிகினு கீற. கிளம்பு. அக்கி எழுதிகினு வரலாம்."

அக்கி என்றால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். உடம்பில் ஒரு பக்கமாகக் கொப்புளங்கள் பட்டை போட்டு எரியும். மண்பானை செய்கிறவரிடம் போவார்கள். அவர் செங்காவியைக் குழைத்து, கோழி இறகால் தொட்டு, அந்த இடத்தின் மேல் சிங்கம் வரைவார். மூன்று நாள் வரைய வேண்டும். அதுவரை தண்ணீர் படக் கூடாது. சிங்கம் அக்கியைத் தின்றுவிடும் என்பது நம்பிக்கை.

"இது அக்கி இல்லம்மா. அக்கி ரெண்டு கையிலயும் வராது. சிங்கம் போட்டா போறதுக்கு இது இன்னா ஆட்டுக்குட்டியா?"

"பெரிய படிப்பாளி. மூணு மாசமா உன் சோப்பு இன்னா கிழிச்சிது?"

எனக்குக் களைப்பாக இருந்தது. சரி, ஏரிக்கரைப் பக்கமாகப் போய்விடலாம், யாரும் பார்க்க மாட்டார்கள் என்றேன். அம்மா கேட்கவில்லை. வெயில் இன்னும் அடங்காத நேரத்தில், என் கழுத்தில் சுற்றியிருந்த தலைப்பை எடுத்து இடுப்பில் செருகிவிட்டு, என்னைப் பெரிய தெரு வழியாகவே நடத்திக்கொண்டு போனாள். கிணற்றடியில் வேண்டுமென்றே நின்றாள்.

"எங்க போறீங்க ஆத்தாளும் மவளும்?" என்றாள் குடம் வைத்திருந்த ஒருத்தி.

"இன்னாத்த சொல்றது. இவளுக்கு அக்கி வந்து மூணு மாசமா அவஸ்தைப்படறா. எழுதிக்கடின்னா கேட்டாத்தானே. படிச்சவளாம்."

"அக்கியா அது?" அவள் என் கழுத்தை எட்டிப் பார்த்தாள். "எங்க ஊட்டு ஆளுக்குப் போன வருஷம் வந்துதே. இத்த முன்னாடியே சொல்லக் கூடாதா? நாங்க இன்னான்னாவோ நெனச்சிகினு கீறோம்."

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. கார்பாலிக் சோப்பின் பெருமையை இதே கிணற்றடியில் நின்று பேசியவள் நான்.

பானை செய்கிறவர் சக்கரத்தை நிறுத்தி, கையைக் கழுவிக்கொண்டு வந்தார். என் கழுத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார்.

"எழுது தம்பி," என்றாள் அம்மா.

"எழுதறேன் அக்கா. டீச்சரம்மா கழுத்துல சிங்கம் போடட்டா, யானை போடட்டா?"

"சிங்கம்னா சிங்கம் போடு. உனக்கு வேற எதுனா போட வருமா?"

"சிங்கத்தை யாரு நேர்ல பாத்தா? எங்கப்பன் போட்டத நான் போடறேன். தலைய குனிம்மா."

காவி குளிர்ச்சியாக இருந்தது. இறகு நகர்ந்த இடத்தில் முதலில் கூசியது, பிறகு அடங்கியது. காய்ந்ததும் தோல் இதமாக இறுகியது. இரண்டு முழங்கை மடிப்பிலும் கையின் புறத்திலும் ஒவ்வொரு குட்டிச் சிங்கம். அம்மா வெற்றிலை பாக்கை வைத்துக் கொடுத்தாள். சொறிந்தால் சிங்கம் அழிந்துவிடும், அப்புறம் முதலிலிருந்து எழுத வேண்டும் என்று அவர் எச்சரித்து அனுப்பினார்.

சனியும் ஞாயிறும் போய் மறுபடி எழுதிக்கொண்டோம். அந்த இரண்டு நாளும் நான் வெறுமனே இருந்தேன். தண்ணீர் படக்கூடாது, சோப்பு கூடவே கூடாது. சொறியக் கை போகும், சிங்கம் நினைவுக்கு வரும், கையை இறக்கிவிடுவேன். பாடக்குறிப்பு எழுதினால் கை அசைந்து காவி உதிரும் என்று அம்மா நோட்டை எடுத்து மேலே வைத்துவிட்டாள். முற்றத்தில் உட்கார்ந்து மூவரும் மொச்சை உரித்தோம். நான் உரிப்பதைவிடத் தின்றது அதிகம் என்று தங்கை நைனாவிடம் கோள் சொன்னாள். நன்றாகத் தூங்கினேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கழுத்தைத் திருப்பினேன், வலிக்கவில்லை. விரல் வெடிப்புகளில் புதுத்தோல் மூடியிருந்தது.

மூன்றாம் நாள் எழுதியது தானாக உதிர வேண்டும், கழுவக் கூடாது என்பது முறையாம். அதனால் திங்கட்கிழமை சிங்கத்தோடுதான் பள்ளிக்கூடம் போனேன். தலைப்பை இறுக்கிப் போர்த்தியிருந்தேன். பலகையில் எழுதக் கையைத் தூக்கியபோது அது நழுவிவிட்டது.

"டீச்சர் மேல சிங்கம் கீதுடா," என்றான் ஒரு பையன்.

"சிங்கமா அது, நாயி."

"டேய், அக்கிக்கு நாயி போடமாட்டாங்கடா. எங்க நைனா முதுகுல போட்டாங்க, நான் பாத்தேன். வாலு இவ்ளோ நீட்டு."

திரும்பினேன். நாற்பது முகங்கள். அதட்ட வாய் திறந்தேன். அதற்குப் பதிலாக, வால் எவ்வளவு நீளம் என்று கேட்டுவிட்டேன். அவன் எழுந்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். அவனுடைய அப்பாவின் முதுகே அவ்வளவு அகலம் இருக்காது. வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். அந்தக் கொட்டகைக்குள் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று பிறகு தங்கை சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை அந்தச் சின்னப் பெண் வந்துவிட்டாள். தானாகவே என் கைக்குள் தன் விரல்களை நீட்டினாள். அக்கி எல்லார் வீட்டிலும் வந்து போகிறது. அதற்கு யார் பயப்படுவார்கள்? வாரம் முடிவதற்குள் மற்ற இரண்டு பேரும் வந்தார்கள். மேனேஜர் மட்டும் அசையவில்லை. "அக்கின்னு ஊரு சொல்லுது. எனக்குக் காகிதம் வேணும்," என்றார்.

அதைச் சொல்ல அவர் வந்தது வியாழக்கிழமை. வழக்கம்போலப் பின்னால் நின்று, கால் மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது பின்னங்கழுத்து மறுபடி அரித்தது. மறுநாள் காலையில் சிவந்திருந்தது.

நான் நின்று யோசித்தது அன்றைக்குத்தான். சோப்பை விட்டு ஒரு வாரமாயிற்று; சோப்பில்லாமலே நடுவில் ஆறியும் இருந்தது. அப்படியானால் அழுக்குதான் காரணம் என்று நான் நடத்திய பாடம் எனக்குப் பொருந்தவில்லை. சிங்கம் தின்றிருந்தால் திரும்பி வந்திருக்கக் கூடாது. பிறகு எது? பாடக்குறிப்பு நோட்டின் ஓரத்தில் ஒவ்வொரு நாளுக்கும் சிவப்பு மையால் புள்ளி வைக்க ஆரம்பித்தேன். அரிப்பு இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. கொஞ்சமென்றால் ஒரு புள்ளி, அதிகமென்றால் இரண்டு, தாங்க முடியாவிட்டால் மூன்று. பக்கத்தில் அன்று என்ன நடந்தது என்று ஒரு வரி. சாப்பிட்டதையும் எழுதினேன். கத்தரிக்காய் தின்ற நாளில் புள்ளி இல்லை, கருவாட்டுக்கும் இல்லை. பத்து நாளில் விஷயம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. பயந்தால் உள்ளங்கை வேர்க்கிறது, வெட்கப்பட்டால் முகம் சிவக்கிறது. எப்போதாவது நடந்தால் நாம் கவனிப்பதில்லை. ஒன்றேகால் வருஷம் தினமும் பயந்துகொண்டிருந்தால் தோல் என்ன செய்யும்? நான் பயப்படுகிறவள் என்று அதுவரை எனக்கே தெரியாது. நான் கெட்டிக்காரி என்று மட்டும்தான் தெரியும்.

அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு, மாசி பிறக்க மூன்று நாள் இருக்கையில் நைனாவோடு வண்டியில் பூந்தமல்லிக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் இருந்தார். நடுத்தர வயது. என் கையைத் தன் வெறும் கையால் பிடித்துப் பார்த்தார். அதிலேயே எனக்குப் பாதி உயிர் வந்தது.

"கண்ணை மூடிக்கோ. பஞ்சு படற இடத்தை விரலால தொட்டுக் காட்டு," என்றார்.

பெருவியாதியில் தொட்டால் தெரியாது என்று நானும் கேள்விப்பட்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். முழங்கை மடிப்பில் பட்டது; தொட்டேன். கையின் புறம், தொட்டேன். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. எங்கோ படுகிறது, எனக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம் பின்னங்கழுத்தில் எறும்பு ஊர்வது போல மெல்லப் பட்டது. சட்டென்று தொட்டேன்.

"கண்ணைத் திற. அதெல்லாம் இல்லை. இது ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்குத் தொத்தாது," என்றார். கதவோரம் நின்ற நைனா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன சோப்பு போடறே?"

சொன்னேன். எத்தனை தடவை என்று கேட்டார். ஏழெட்டு என்றேன்.

"பித்தளைப் பாத்திரம் மாதிரி தேய்ச்சிருக்கே. இந்தக் காவி யார் போட்டது?" இரண்டு வாரமாகியும் கழுத்து மயிரோரம் சிங்கத்தின் காது மட்டும் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தது போலும். தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடினேன். "பரவாயில்லை. இது சோப்பைவிட நல்லது. மனசுல ஏதாவது கவலை உண்டா?"

"இல்லை" என்றேன். வாய் அப்படியே பழகியிருந்தது. பிறகு நோட்டை எடுத்து நீட்டினேன். அவர் பக்கங்களைப் புரட்டினார்.

"மூணு புள்ளி. அன்னிக்கு என்ன?"

"மேனேஜர் வந்து பின்னால நின்னார்."

"இங்கே ரெண்டு?"

"மேனேஜர் வருவார்னு சொன்னாங்க. வரலை."

டாக்டர் சிரித்துவிட்டார். நோட்டை மூடி என்னிடம் கொடுத்தார். "நான் சொல்ல வேண்டியதையெல்லாம் நீயே எழுதி வெச்சிருக்கியே. சோப்பை விடு. குளிச்சு ஈரம் காயறதுக்குள்ள தேங்காயெண்ணெய் தடவு. நகத்தை ஒட்ட வெட்டு. இந்தக் களிம்பு பத்து நாளைக்கு வரும். மேனேஜர் வருஷம் பூரா வருவாரே, அதுக்கு நீதான் ஏதாவது வழி பண்ணணும்." சொல்லிக்கொண்டே காகிதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் காகிதத்தை ஆட்டிக் காட்டினேன். "அக்கியும் இல்ல, கிக்கியும் இல்ல. நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா?"

அம்மா உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டிருந்தாள். "அக்கி இல்லன்னு எனக்குத் தெரியாதாடி? நீ பொறக்கறதுக்கு முன்ன ரெண்டு வாட்டி எனக்கு வந்துகீது. எழுதினானே, அவனுக்கும்தான் தெரியும்."

"அப்புறம் எதுக்கு என்னை இழுத்துகினு போன?"

"நீ காகிதம் காட்டினா மேனேஜரு படிப்பாரு. கிணத்தாண்ட நிக்கறவளுங்க படிப்பாளுங்களா? அவளுங்களுக்கு சிங்கந்தான் காகிதம். போய் மொகம் கழுவு. சோப்பு போடாத."

முகம் கழுவப் போனேன். எழுதப் படிக்கத் தெரியாதவள் என்று அம்மாவைப் பற்றி நான் மனத்துக்குள் எத்தனை தடவை நினைத்திருப்பேன் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

மறுநாள் காகிதத்தை மேனேஜரிடம் கொடுத்தேன். அது இங்கிலீஷில் இருந்ததால் தலைமையாசிரியர் அதைப் படித்துச் சொன்னார். மேனேஜர் கேட்டுவிட்டு, "சரி, போய் பாடத்த நடத்து," என்றார். நான் போகவில்லை.

"ஐயா, ஒரு விஷயம் கேக்கணும். நீங்க வகுப்புக்கு வந்தா முன்னால, பலகைக்குப் பக்கத்துல உக்காரணும். நாற்காலி போட்டு வைக்கறேன்."

"ஏன், நான் பின்னால நின்னா உனக்கு இன்னா?"

எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. என் வாயில் அது வரவில்லை. "எனக்கு ஒண்ணுமில்லைங்க. பிள்ளைங்க திரும்பித் திரும்பிப் பாக்குதுங்க. பாடம் கெட்டுப்போவுது," என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தலைமையாசிரியர் தரையைப் பார்த்தார். "சரி, போட்டு வை," என்றார் மேனேஜர்.

அன்றிலிருந்து மத்தியானம் தங்கையோடும் தலைமையாசிரியரின் மகளோடும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். உட்கார்ந்து சாப்பிட்டதற்காகப் பள்ளிக்கூடம் இடிந்துவிடவில்லை. சுகாதாரப் பாடத்தில் ஒரு வரி சேர்த்துக்கொண்டேன்: எல்லா அரிப்பும் அழுக்கினால் வருவதில்லை, பயத்தினாலும் வரும், பிள்ளைகள் அதைப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். "அப்ப அதுக்கும் சிங்கம் போடலாமா டீச்சர்?" என்று வால் நீளம் காட்டிய பையன் கேட்டான். போட்டுக்கொண்டால் சொறியாமலாவது இருப்பாய் என்றேன்.

மேனேஜர் பன்னிரண்டு நாள் கழித்து வந்தார். பழக்கத்தில் பின்வாசலில்தான் நுழைந்தார். வகுப்பின் சத்தம் அடங்கியது. நான் சாக்பீஸை வைத்துவிட்டுத் திரும்பி, நாற்காலியைக் காட்டினேன். அவர் வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்து உட்கார்ந்தார். இடப்பக்கம் திரும்பினால் அவர் முகம் எனக்குத் தெரியும். அவ்வளவு கிட்டத்தில் அதுவரை அவரைப் பார்த்ததில்லை. காதோரம் நரைத்திருந்தது, நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது.

பதிமூன்றாம் வாய்ப்பாடு நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் ராகம் போட்டு ஒப்பித்தார்கள். மாசி வெயில் ஓலை இடுக்கில் இறங்கியது. ஏழு பதிமூன்று தொண்ணூற்றொன்று என்று வந்தபோது பக்கத்தில் ஏதோ சத்தம் கேட்டுப் பார்த்தேன். மேனேஜரின் தாடை மார்பில் இறங்கியிருந்தது. குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். உதட்டில் விரல் வைத்துக் காட்டி, மீதி வாய்ப்பாட்டைச் சின்னக் குரலில் சொல்லச் சொன்னேன். பிறகு பலகைப் பக்கம் திரும்பி அடுத்த கணக்கை எழுத ஆரம்பித்தேன். அன்று சாயங்காலம் நோட்டில் அந்த நாளுக்கு எதிரே புள்ளி எதுவும் வைக்கவில்லை.